தர்மபுரி வயிற்றுவலிக்குக் கணக்கு எடுப்பது யார்?

"வயிறு எரியுதுங்க டாக்டர். ரெண்டு வாய் சாப்பிட்டா நெஞ்சு வரைக்கும் அடைக்குதுங்க."

தர்மபுரி மாவட்டத்து ஆஸ்பத்திரிகளுக்கு இது புதிய பேச்சு அல்ல. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். நாலு நாள் தேவலை. ஐந்தாம் நாள் மறுபடியும் அதே வரிசை, அதே சீட்டு!

"எந்த ஊர்? எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" இப்படிக் கேட்க, வெளியே நூறு பேர் நிற்கும்போது டாக்டருக்கு நேரம் ஏது?

ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இந்த மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல் காவியேறும், எலும்பு வளையும் என்பது ஊரறிந்த சங்கதி. வயிற்றையும் அது விட்டுவைக்காது என்பதுதான் பலருக்குத் தெரியாது. டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் பேராசிரியை ஏ.கே.சுசீலா குழுவினர் புளோரைடு தண்ணீர் குடித்தவர்களுக்கு எண்டோஸ்கோபி செய்து, இரைப்பை, குடலின் உட்சுவரில் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். சுவர் சேதமாகி இருந்தது! 1994-ல் அதை வெளியிட்டார்கள். வயிற்று அமிலத்தோடு புளோரைடு சேரும்போது, சதையை அரிக்கிற வேறொரு அமிலம் உண்டாகிறது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2013-ல் தண்ணீர் வந்தது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே 2008-ல்தான். காவிரித் தண்ணீர் வந்த ஊரில் வயிற்று எரிச்சல் குறைந்ததா? குழாய் வறண்ட நாட்களில் பழைய போர் தண்ணீருக்கே போகிறவர்கள் கதி என்ன? இதை அமெரிக்காவில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. தர்மபுரியில் இருக்கும் இளம் டாக்டர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கீழாநெல்லி கற்றுத் தந்த பாடம்

ஆராய்ச்சிப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கீழாநெல்லி கதை ஒன்றே போதும். காமாலை என்றாலே நம் ஊரில் முதலில் தேடுவது அதைத்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி புளூம்பெர்க்கும் சேர்ந்து, 'பி' வகைக் காமாலைக் கிருமியை உடம்பில் சுமப்பவர்களுக்கு 30 நாள் அந்த மூலிகையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தே இல்லாத மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988-ல் 'லான்செட்' பத்திரிகையில் இது வந்ததும் உலகமே திரும்பிப் பார்த்தது!

அப்புறம்? வேறு நாடுகளில் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி வேறா, ஆட்கள் வேறா என்று வாதம் நீண்டது.

அசுத்தத் தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். பேர் மூலிகைக்குப் போகும். கர்ப்பிணிக்கு அதே காமாலை வந்தால் சில சமயம் உயிருக்கே உலை! கொடுத்ததால் குணமா, கொடுக்காவிட்டாலும் குணமா என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் பயிற்சி. கீழாநெல்லிக்கு மட்டுமல்ல, காஸ் மாத்திரைக்கும் இதே கேள்விதான்.

அலமாரியில் தூங்கும் தீசிஸ்

பயிற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. மேல்படிப்பு படிக்கும் டாக்டர்கள் தீசிஸ் கொடுத்தாக வேண்டும். சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆராய்ச்சிப் பாடத்தைக் கம்ப்யூட்டரில் படித்துப் பரீட்சையும் எழுதவேண்டும். எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு இரண்டு மாத ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்தை ஐ.சி.எம்.ஆர். 1979-லேயே தொடங்கியது.

எல்லாம் சரி. பரீட்சை எழுதியவர் பாட்டிலும் நோட்டுமாகப் பென்னாகரம் பக்கம் போகவேண்டாமா? ஊர் ஊராய்ப் போகாவிட்டால் தீசிஸ் பைண்டிங் ஆகி அலமாரிக்குப் போகும், அவ்வளவுதான். வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் 1960-களில் வட ஆற்காடு கிராமங்களில் திரிந்துதான் 'ஸ்புரூ' என்ற குடல் நோயைப் பதிவு செய்தார்கள். அன்று அதில் இறங்கிய இளம் டாக்டர் வி.ஐ.மாத்தன் பின்னாளில் உலகறிந்த குடல் நிபுணர் ஆனார்.

சர்க்கார் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. ஆராய்ச்சியில் இறங்கும் இளம் டாக்டருக்கு வாரம் ஒருநாள் வார்டு டியூட்டியில் இருந்து விடுதலை. ஊருக்குப் போய்வர ஒரு ஜீப். மாதம் ஒருமுறை சென்னையில் இருந்தோ வேலூரில் இருந்தோ குடல், ஈரல் நிபுணர் ஒருவர் வந்து நோட்டைத் திருத்திக் கொடுக்கவேண்டும். புறநோயாளிச் சீட்டில் 'குடிக்கும் தண்ணீர்' என்று ஒரு வரி கூடுதலாக அச்சடித்தால் அச்சுக்கூலி ஒன்றும் ஏறிவிடாது.

எந்த ஊர்த் தண்ணீரில் எவ்வளவு புளோரைடு என்று குடிநீர் வாரியம் சோதித்துக் குறித்த கணக்கும் உண்டு. அடுத்த தீசிஸ் தலைப்புகளை முடிவு செய்ய கல்லூரி கூடும்போது, அந்தக் கணக்கோடு ஒரு இன்ஜினீயரைக் கலெக்டர் அங்கே அனுப்பிவைக்கலாமே!