இரண்டாவது வீட்டுக்கு உண்டு, முதல் வீட்டுக்கு இல்லையா?

தோழர்களே, இந்தக் கணக்கைப் பாருங்க!

2023-24 நிதியாண்டு முதல், நாமாகப் பழைய முறையைக் கேட்காவிட்டால் புதிய வருமான வரி முறைதான். அதில், இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடுபவருக்கு, சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு. வீட்டுக்கடன் வட்டியையும் அந்த வாடகையில் கழிச்சுக்கலாம்.

குடியிருக்க ஒரே வீடு வாங்கி இ.எம்.ஐ. கட்டுறவருக்கு? பழைய முறையில் 2 லட்சம் வரை இருந்த வட்டிக் கழிவு, இதில் இல்லை. வாடகை வீட்டில் இருக்கும் சம்பளக்காரருக்கு? வீட்டு வாடகைப்படி விலக்கும் இல்லை.

ஓய்வுக்காலத்துக்குன்னு சேமிச்சு இன்னொரு வீடு வாங்குறவர் மேல நமக்குக் கோபமில்லை. அவரும் நம்ம ஆளுதான். ஆனா முதல் வீட்டுக்கே மூச்சு முட்டுறவரைக் கைவிடுவது என்ன நியாயம்?

ஒன்றிய அரசே, குடியிருக்கும் வீட்டுக்கும் கழிவு கொடு!