தன் மழையைத் தானே தேடிக்கொள்ளும் காடு



கடந்த மாத ஒன்றுகூடலில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டோம். அமேசன் உலகின் மிகப் பெரிய மழைக்காடு. அப்படியானால் அதன் மண் வளமானதா? ஏறக்குறைய எல்லாருமே "ஓம்" என்று கையுயர்த்தினீர்கள். கேள்வியைத் தயாரிக்கப் புத்தகங்களைப் புரட்டும்வரை நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். சரியான விடை: பெரும்பாலும் இல்லை.

முதலில் இடத்தைப் பார்ப்போம். அமேசன் வடிநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 70 இலட்சம் சதுர கிலோமீற்றர். இந்தியாவைப்போல் இரண்டு மடங்கு. மேற்கே அந்தீஸ் மலைத்தொடர், வடக்கிலும் தெற்கிலும் மேட்டுநிலங்கள். கிழக்கே மட்டும் அத்திலாந்திக்கை நோக்கித் திறந்திருக்கிறது. நடுவில் நிலம் மிகவும் தட்டை. பெரு நாட்டின் இக்கித்தோஸ் நகரம் கடலிலிருந்து ஆற்றுவழியே சுமார் 3,600 கிலோமீற்றர் உள்ளே இருக்கிறது. ஆனாலும் கடல்மட்டத்துக்கு மேல் அதன் உயரம் ஏறத்தாழ 100 மீற்றர்தான். நமக்கு இங்கே உள்ளதுபோல் கோடை, குளிர் என்ற பேதம் அங்கே இல்லை. மழை கூடிய காலம், குறைந்த காலம் என்பவையே பருவங்கள்.

அந்த மழைதான் மண்ணின் சத்தை ஆண்டாண்டு காலமாகக் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. காட்டின் செல்வம் பெரும்பாலும் மண்ணில் இல்லை, மரங்களில் இருக்கிறது. விழுந்த இலை வெக்கையிலும் ஈரத்திலும் விரைவாக உக்குகிறது. மேலோட்டமாகப் பரவியுள்ள வேர்களும் அவற்றோடு வாழும் பூஞ்சைகளும் அந்தச் சத்தை உடனே எடுத்துக்கொள்கின்றன. இதையும் மீறி ஆற்றோடு போகும் பொஸ்பரசுக்கு ஈடு எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஆபிரிக்காவிலிருந்து! சாட் நாட்டில் வற்றிப்போன ஏரிப்படுகையின் தூசியைக் காற்று அத்திலாந்திக்கைக் கடந்து சுமந்து வருகிறது. செய்மதித் தரவுகளைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வொன்று, சகாராத் தூசியோடு ஆண்டுக்குச் சுமார் 22,000 தொன் பொஸ்பரஸ் அமேசனில் வந்து விழுவதாகக் கணக்கிட்டது. பாலைவனம் காட்டுக்கு உரம் போடுகிறது.

மரம் இருந்தால்தான் மழை என்று அம்மம்மாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1970களில் பிரேசில் விஞ்ஞானி எனேயாஸ் சலாத்தி இதை அமேசனில் ஆராய்ந்தார். கடலிலிருந்து வரும் ஈரம் மழையாக விழுகிறது. மரங்கள் அந்த நீரை உறிஞ்சி இலைவழியே ஆவியாக விடுகின்றன. அது மறுபடியும் மழையாகிறது. அங்கே பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதி இப்படித் திரும்பி வருவதுதான் என்று அவர் கண்டார். மீதி ஈரம் அந்தீஸ் மலையில் தடுக்கப்பட்டுத் தெற்கே திரும்பி, தென் பிரேசில், பராகுவே வயல்களுக்கும் மழையாகிறது.

ஆகவே மரத்தைத் தறித்தால் மழையும் குறைகிறது. காட்டை எரித்துப் பயிரிட்டால் சாம்பல் சில ஆண்டுகளுக்கே விளைச்சல் தரும். பிறகு அடுத்த துண்டுக் காட்டுக்குக் கத்தி போகும். பூமி சூடேறுவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. மனாவுஸ் நகரில் றியோ நெக்ரோ ஆற்றின் மட்டம் 2021 யூனில் 30 மீற்றரைத் தாண்டியது. 2024 ஒக்டோபரில் 12.11 மீற்றருக்கு இறங்கியது. 1902இல் அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து இரண்டுமே சாதனைகள். ஆற்றையே தெருவாகக் கொண்ட கிராமங்களுக்குப் படகு போக முடியவில்லை. உணவும் குடிநீரும் தட்டுப்பட்டன. அதற்கு முந்திய ஆண்டு தெஃபே ஏரியின் நீர் 39 பாகையைத் தாண்டிச் சூடேறியபோது, நூற்றுக்கு மேற்பட்ட ஓங்கில்கள் செத்து மிதந்தன.

நாம் தொலைவில் இருக்கிறோம் என்று சொல்ல முடியாது. அங்கே காடு அழிவதற்கு முதற்காரணம் மாட்டு மேய்ச்சல். சோயாப் பயிரும் ஒரு காரணம். இரண்டும் உலகச் சந்தைக்கு வருபவை. அடுத்த ஒன்றுகூடலுக்கு முன் ஆதியாகமம் 2:15ஐ வாசியுங்கள். வீட்டுக் குளிர்ப்பெட்டியிலுள்ள இறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்றும் பாருங்கள். இரண்டையும் வைத்துப் பேசுவோம்.