சூட்டின் மேல் போட்ட பழி

சிங்கப்பூரின் கிளமெண்டி 448ஆம் புளோக் உணவங்காடியில் ஞாயிறு காலை கூடும் எங்கள் கூட்டத்தில் சர்க்கரை அளவைப் பரீட்சை மார்க் மாதிரி ஒப்பிப்போம். யாருக்கு எத்தனை ஸ்டென்ட், யார் இன்சுலினுக்கு மாறினார் என்பதெல்லாம் பக்கத்து மேசைக்கும் தெரியும். மூலம் யாருக்கு என்பது மட்டும் எவருக்கும் தெரியாது. ஐம்பது வயதைத் தொடுவதற்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒருமுறையாவது வந்துபோகிற தொந்தரவு என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அத்தனை பேர் கூடும் இடத்தில் ஒருவருக்குமே இல்லை என்றால் அது பொய்க்கணக்கு. அந்தப் பொய்யை எல்லோரும் சேர்ந்துதான் எழுதினோம்: டாக்சி ஓட்டுபவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஐடிக்காரர்கள், வீட்டுப் பெண்கள், எல்லோரும்.

ஓர் அண்ணன் நின்றபடியே தேத்தண்ணீர் குடிப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டால், "இருக்கட்டும் தம்பி, காலையிலேர்ந்து உட்கார்ந்தேதான் இருந்தேன்" என்பார். ஒருநாள் எங்களில் ஒருவர், "என்னண்ணே, சிம்மாசனத்துல முள்ளா?" என்று கேட்க, மேசையே சிரித்தது. அவரும் சிரித்தார். மாதக்கணக்கில் ரத்தம் போய்க்கொண்டிருந்த சங்கதி, எம்ஆர்டி நிலையப் படியில் மூச்சு வாங்கி அவர் உட்கார்ந்துவிட்ட அன்றுதான் வெளியே வந்தது. ஆண்களுக்கு 13க்குக் குறையக்கூடாத ஹீமோகுளோபின் அவருக்கு 7. மருத்துவமனையில் பெருங்குடல் முழுவதும் கேமரா விட்டுப் பார்த்தார்கள். வேறொன்றும் இல்லை, இரண்டாம் நிலை உள்மூலம். ரப்பர் வளையம் போட்டார்கள். சில நிமிட வேலை. அதற்கும் அவருக்கும் நடுவே இத்தனை மாதமாக நந்தி போலக் குறுக்கே இருந்தது நாங்கள்தான்.

அவர் வாயே திறக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. "உடம்பு சூடா இருக்கு" என்று சொல்லிப் பார்த்தார். சூடு என்றதும் ஆளுக்கு ஒரு வைத்தியம் கிளம்பியது. இளநீர், ஊறவைத்த வெந்தயம், மோரில் சின்ன வெங்காயம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். ஊருக்குப் போனவர் கருணைக்கிழங்கு லேகியம் வாங்கி வந்தார். துத்தி இலை எங்கே கிடைக்கும் என்று வாட்ஸாப்பில் இரண்டு நாள் விசாரணை நடந்தது. புவன விஸ்தாவில் ஒருமுறை, பொட்டானிக் கார்டன்ஸில் ஒருமுறை என ரயில் மாறித் தேக்கா வரைக்கும் போய்வர எங்களுக்கு நேரம் இருந்தது. கிளமெண்டி பலதுறை மருந்தகம் அவென்யூ 3இல், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. "ரத்தம் போகுதா?" என்ற இரண்டு வார்த்தையை ஒருவரும் கேட்கவில்லை.

கருணைக்கிழங்கையும் துத்தியையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. சித்த மருத்துவத்தில் மூலத்துக்கென்று அவற்றுக்கு நெடுங்கால இடம் உண்டு. என்ன நோய் என்று ஒரு மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே மருந்தைத் தீர்மானித்தோமே, அதுதான் தப்பு.

மூலம் புதிதாக முளைக்கிற கட்டி அல்ல. ஆசனவாயின் உட்புறத்தில் ரத்தக்குழாய்கள் நிறைந்த திண்டுகள் எல்லோருக்கும் உண்டு. காற்றும் நீரும் கசியாமல் அடைத்துக்கொள்ள அவை உதவுகின்றன. மலச்சிக்கலும் முக்கலும் நெடுநேர உட்காரலும் சேர்ந்து அவற்றைத் தாங்கும் தசைநார் தளர, திண்டு வீங்கிக் கீழே இறங்கினால் அதுதான் நோய். வெளியே தலைகாட்டாமல் ரத்தம் மட்டும் வந்தால் முதல் நிலை. வெளியே வந்து தானாகத் திரும்பினால் இரண்டாவது. விரலால் தள்ளவேண்டியிருந்தால் மூன்றாவது. தள்ளியும் போகாதது நான்காவது. உள்மூலம் இருக்கும் பகுதியில் வலியை உணரும் நரம்பு கிடையாது. அதனால் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் சொட்டினாலும் வலிப்பதில்லை. மயக்கமருந்து இல்லாமலே வளையம் போட முடிவதும் இதனால்தான். ரத்த ஓட்டம் அறுபட்ட சதை ஒரு வாரம் பத்து நாளில் வளையத்தோடு உதிர்ந்துவிடும். வலி இல்லையே, அப்புறம் என்ன என்று நாங்கள் இருந்தோம்.

மூலம் என்றாலே கத்தி என்கிற பயமும் எங்களுடையது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் மில்லிகனும் மார்கனும் 1937இல் எழுதிவைத்த அறுவை முறை இன்றும் இருக்கிறது. வலிக்கும், சில வாரம் படுத்தும். ஆனால் முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கும் மற்ற சிகிச்சைக்கு அடங்காதவர்களுக்கும்தான் அது. ரப்பர் வளையம் 1960களிலேயே பரவிவிட்டது. எங்கள் பயம் மட்டும் முப்பதுகளிலேயே நின்றுவிட்டது. ஆரம்ப நிலையில் இருப்பவர்களில் பலருக்கு வளையமே வேண்டாம். நாளுக்கு 25, 30 கிராம் நார்ச்சத்து, வேண்டிய தண்ணீர், தேவைப்பட்டால் இசப்கோல், பிட்டம் நனைய வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் உட்காருவது, இவற்றிலேயே அடங்கிவிடும். தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்கட்டும் என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்கிறது. எங்கள் வாழையிலையில் பொரியல் ஒரு கரண்டி, அதையும் பிள்ளை ஒதுக்கி வைக்கும்.

பெண்களுக்கு நாங்கள் இழைத்தது இதைவிட மோசம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்திலும் மூலம் வருவது சர்வசாதாரணம். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று பழத்தையும் கீரையையும் நிறுத்தி, தண்ணீரையும் அளந்து கொடுத்து, பூண்டும் கருவாடுமாகப் போட்டோம். மலம் இறுகி அவள் கழிப்பறையில் அழுததைத் தையல் வலி என்றோம். வேலைக்குத் திரும்பிய பிறகு வலியையும் சேர்த்துச் சுமந்தபடி ரயிலில் நின்றாள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம் என்பதைக்கூட மாமியார் சொல்லவில்லை, கணவரும் சொல்லவில்லை.

இளையவர்களைக் கெடுத்தது கைப்பேசி. பாஸ்டனில் பெத் இஸ்ரேல் மருத்துவமனை ஆய்வாளர்கள் பெருங்குடல் பரிசோதனைக்கு வந்த 125 பேரை ஆராய்ந்து 2025இல் வெளியிட்டார்கள். கழிப்பறையில் கைப்பேசி பார்ப்பவர்களிடம் மூலம் இருக்கும் வாய்ப்பு 46 விழுக்காடு கூடுதலாகத் தெரிந்தது. சின்ன ஆய்வுதான், இதுவே காரணம் என்று அது நிறுவிவிடவும் இல்லை. ஆனாலும் அதைப் பற்றிய செய்தியை எங்களில் பலர் எங்கே உட்கார்ந்து படித்தார்கள் என்று கேட்காமல் இருப்பது நல்லது.

இந்த மௌனத்துக்குப் பின்னால் இன்னொரு நோய் ஒளிந்துகொள்கிறது. சிங்கப்பூரில் ஆண், பெண் இருபாலரிடமும் அதிகம் காணப்படும் முதல் மூன்று புற்றுநோய்களுள் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று. அதற்கும் முதல் அடையாளம் ரத்தமாக இருக்கலாம். கறுத்த ரத்தம், மலத்தோடு கலந்த ரத்தம், மலம் கழிக்கும் வழக்கத்தில் மாற்றம், காரணமில்லாத எடைக்குறைவு, சோகை என்றால் மூலம்தான் என்று தானாக முடிவுகட்டக் கூடாது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் மலப் பரிசோதனைப் பெட்டியை இலவசமாகத் தருகிறது. குச்சியால் தொட்டுக் குழாயில் இட்டு, தேதி எழுதி, அஞ்சல்தலை ஒட்டத் தேவையில்லாத உறையில் போட்டு அனுப்பவேண்டும், அவ்வளவுதான். 2023 ஜூலையில் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் வந்த பிறகு, குடும்ப மருத்துவரிடம் பதிந்த குடிமக்களுக்கு இந்தப் பரிசோதனைக்குக் காசில்லை. எங்கள் வீடுகளில் அந்தப் பெட்டி குளிர்பதனப் பெட்டியின் மேல், தீபாவளி முறுக்கு டின்னுக்குப் பின்னால் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரிய ரத்தம் போகிறவருக்கு அந்தப் பெட்டி சரிப்படாது, அவர் நேரே மருத்துவரிடம்தான் போகவேண்டும். அதையும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

மூலத்தை வளர்க்க வேலை செய்யும் இடம் என்றும் ஒன்று இருக்கிறது. டாக்சி ஓட்டும் தம்பி தண்ணீரைக் குறைக்கிறார், கழிப்பறை தேடி வண்டியை நிறுத்த இடமும் நேரமும் இல்லாததால். கட்டுமானத் தளத்தில் இருக்கும் பிள்ளைகள் வரிசையைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொள்கிறார்கள். எங்களில் சிலர் குடியிருக்கும் கண்டோமினியத்தின் வாசலில் ஒரு மாமா ஒற்றை ஆளாகப் பன்னிரண்டு மணிநேரம் காவல் இருக்கிறார். அவர் கழிப்பறைக்குப் போனால் தடுப்பைத் தூக்கிவிட ஆளில்லை. வெளியே கார் நின்றால் ஹாரன் அடிப்பவர்கள் நாங்கள். சென்ற ஆண்டு நிர்வாகக் கூட்டத்தில் நீச்சல்குளத்து ஓடு நீலமா பச்சையா என்று ஒரு மணிநேரம் பேசினோம். இந்த ஆண்டு நிகழ்ச்சிநிரல் வந்துவிட்டது. முதலில் ஓடு, அடுத்து வாகன நிறுத்தம். மாமாவை மாற்றிவிட ஓர் ஆள் வேண்டும் என்பதை ஏழாவதாகச் சேர்க்கச் சொல்லி எங்களில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். எதற்காக என்ற கட்டத்தில் "கழிப்பறைக்குப் போக" என்றே எழுதினோம்.