வாசலில் கோலம்... தெருமுனையில் குப்பை!

காலை ஆறு மணி. வாசல் தெளித்து, அழகாகக் கோலம் போடுகிறார் அந்த வீட்டு அம்மாள். முடிந்ததும் உள்ளே போய் ஒரு கேரி பேக்கோடு வருகிறார். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. யாரும் இல்லை! விறுவிறுவென்று நடந்துபோய் தெருமுனைத் தொட்டியை நோக்கி ஒரு வீச்சு. பை தொட்டியின் விளிம்பில் பட்டுக் கிழிகிறது. ஊசிப்போன சாம்பார் சாதமும், முட்டை ஓடும், குழந்தையின் டயாப்பரும் ரோட்டில் சிதறுகின்றன. 'அப்பாடா' என்று வீட்டுக்குள் போய்விடுகிறார்.

இது எங்கோ நடக்கிற கதை இல்லை. உங்கள் தெருவிலும் நடக்கிறது. என் தெருவிலும் நடக்கிறது.

குப்பை வண்டி காலை ஏழரைக்குத்தான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் முந்தின ராத்திரியே பையைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிடுகிறார் ஒருவர். விடிவதற்குள் நாய்கள் அதைப் பிரித்துக் கடை பரப்பிவிடுகின்றன. இன்னொருவர், தன் வீட்டுத் தொட்டி நிறைந்துவிட்டால் பக்கத்து வீட்டுத் தொட்டியில் நைசாகக் கொட்டிவிடுவார். மாடி வீட்டுக்காரர் பழைய மெத்தையைப் பொதுத் தொட்டியின் மேல் சாத்திவிட்டுப் போவார். அப்புறம் மூடி எப்படி மூடும்? கேட்டுப் பாருங்கள், பதில் தயாராக இருக்கும்: "வரி கட்டறோம் இல்ல சார்? அள்ள வேண்டியது அவங்க வேலை!"

விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே கொட்டக்கூடாது என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். அவர்கள் சொன்ன காரணம் வேறு. ஆனால் அந்த ஒரு பழக்கத்தை விடாமல் இருந்திருந்தாலே பாதித் தெருக்கள் சுத்தமாக இருந்திருக்கும்!

எறிந்தது திரும்பி வரும்

'எறிந்துவிட்டோம், தொலைந்தது' என்று நினைக்கிறோமே, அங்கேதான் தப்பு. எறிந்தது எதுவும் தொலைவதில்லை. வேறு உருவத்தில் வீட்டுக்கே திரும்பி வருகிறது.

ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். அழுகின குப்பையில் அது முட்டையிட்டால், நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரம் பத்து நாளில் புது ஈக்கள் பறக்கும். குப்பையில் உட்கார்ந்த அதே கால்களோடு உங்கள் வீட்டு இட்லியில் வந்து உட்காரும். சீதபேதி, காலரா, டைஃபாய்டு கிருமிகளுக்கு இதைவிட நல்ல வாகனம் வேண்டுமா?

அடுத்தது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. தேங்காய்ச் சிரட்டை, தயிர் கப், பழைய டயர் என்று எதில் மழைத்தண்ணீர் தேங்கினாலும் போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கொசு பொதுவாக அதிக தூரம் பறக்காது. பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். ஆக, உங்கள் குழந்தையைக் கடித்த கொசு அநேகமாக உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ பிறந்ததுதான்!

எலியும் பெருச்சாளியும் சோற்றுக் குப்பையைத் தேடி வருகின்றன. அவற்றின் சிறுநீர் மழைத்தண்ணீரில் கலக்க, அதில் வெறுங்காலோடு நடப்பவருக்கு, காலில் ஒரு சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் எலிக்காய்ச்சல் வரலாம்.

1994 செப்டம்பரில் குஜராத்தின் சூரத் நகரில் பிளேக் என்று செய்தி பரவியதும் லட்சக்கணக்கானோர் ஊரைக் காலிசெய்து ஓடினார்கள். பணத்துக்குப் பஞ்சமில்லாத வைர வியாபார ஊர் அது. ஆனால் வெள்ளம் வடிந்த தெருக்களில் குப்பை அள்ளாமல் கிடந்தது. அதே சூரத், 1995-ல் ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ் காலத்தில் நாட்டின் சுத்தமான நகரங்களில் ஒன்றாகப் பெயர் வாங்கியது. மனசு வைத்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

என் வீட்டுக் கதை

பக்கத்து வீட்டைக் குறை சொல்வது சுலபம். என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

என் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. தினம் இரண்டு வேளை இன்சுலின். போட்டு முடித்த ஊசியைப் பேப்பரில் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிடுவோம். ஒருநாள், குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் அம்மாவிடம் எதிர்வீட்டுக்காரரைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டவர், வலது கையை நீட்டிக் காட்டினார். கட்டைவிரலில் கட்டு.

"அவங்க நாறுற குப்பையைப் போடறாங்க, கை கழுவினாப் போயிடும். இது உங்க வீட்டுப் பையில இருந்த ஊசிம்மா. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்திருக்காங்க, மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. வீட்ல சொல்லல. பயந்துடுவாங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஊசி குத்தினால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. கிருமிகள் தொற்ற வழி உண்டு. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே ஏழு நாள்கூட உயிரோடு இருக்கும். நல்லவேளை, அவருக்கு அடுத்தடுத்த பரிசோதனைகளில் ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனால் நடுவில் அந்த மாதங்களை அவர் எப்படிக் கழித்திருப்பார்? என்னாலேயே நிம்மதியாகத் தூங்க முடியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலியான ஃபினாயில் பாட்டில் ஒன்று ஊசிக்கென்றே இருக்கிறது. மேலே 'ஊசி' என்று பெரிதாக எழுதி, நிறைந்ததும் மூடியை இறுக்கித் தனியாகக் கையில் கொடுக்கிறோம். உடைந்த கண்ணாடியும் பிளேடும் கெட்டிப் பேப்பரில் சுற்றித் தனியே போகின்றன. நாப்கினும் டயாப்பரும் அப்படித்தான், சுற்றிக் கட்டி, தனியாக.

2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதையேதான் சொல்லின. மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. தெருவில் எறிவதும் எரிப்பதும் கூடாது. வரி கட்டினால் இந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது. வண்டி சரியாக வரவில்லை என்றால் தாராளமாகக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் வரும் வண்டிக்கு ஒழுங்காகக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

சண்டை வேண்டாம்

'சொன்னால் மனஸ்தாபம் வருமே!' என்று தயங்குகிறீர்களா? பையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலில் கொட்டினால் மனஸ்தாபம் வரத்தான் செய்யும். தனியாகவும் போகாதீர்கள், கோபமாகவும் போகாதீர்கள். நாலு வீட்டுக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுங்கள். "உங்க வீட்ல குப்பை..." என்று ஆரம்பிக்காமல், "எங்க வீட்ல இப்படிச் செய்யறோம்" என்று ஆரம்பியுங்கள். காலையிலேயே வேலைக்குக் கிளம்புகிறவராக இருந்தால், "பையை எங்ககிட்ட கொடுத்துட்டுப் போங்க, வண்டி வந்தா நாங்க போடறோம்" என்று சொல்லிப் பாருங்கள். பலர் திமிரில் போடுவதில்லை, அவசரத்தில் போடுகிறார்கள்.

1989-ல் எம்.பி. நிர்மல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கத்தில், தெருக்காரர்களே மாதம் ஒரு சிறு தொகை போட்டு, வீடு வீடாகக் குப்பை வாங்க ஆள் வைத்தார்கள். அவர்களும் நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பத்துக்காரர்கள்தான்.

இன்று ராத்திரி அடுக்களையை ஒழித்துவிட்டுப் படுக்கப் போகும் முன், உங்கள் குப்பைக் கூடையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். நாளைக் காலையில் இதற்குள் ஒருவர் கை விடப்போகிறார். அது உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையாக இருந்தால் இப்படியே கொடுப்பீர்களா?