ஒருவகை மரம்

கண்டல் என்பது யாது? அருஞ்சொற்பொருளைப் புரட்டும் மாணவனுக்குப் பெரும்பாலும் இரண்டே சொற்களில் விடை கிடைக்கின்றது: ஒருவகை மரம். ஞாழல் ஒருவகை மரம், புன்னையும் ஒருவகை மரம், தில்லையும் அதுவே. மாணவன் அதனை அப்படியே எழுதுகிறான், மதிப்பெண்ணும் பெறுகிறான். அதே கண்டல் சிங்கப்பூரின் வடகிழக்கே, புலாவ் உபின் தீவின் ஓடைக்கரைகளில் சேற்றில் கால்பரப்பி நிற்பதை அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

அத்தீவின் அலையாத்திக் காட்டினூடே கயாக் எனும் சிறு துடுப்புப் படகில் வழிகாட்டியோடு செல்லும் பயணங்கள் உண்டு. கதிரெழும் வேளையே அதற்கு உகந்த வேளை. இயந்திர ஒலி இல்லை, வெயிலும் ஏறவில்லை. நீர்நாய் துறையில் தென்படும். கொக்குகள் சேற்றில் இறங்கும். நெடுங்காலம் காணாதிருந்து 1994-இல் இத்தீவில் மீண்டும் தென்பட்ட இருவாட்சி கிளைக்குக் கிளை தாவும். இப்படகுகளில் தமிழ் வகுப்பொன்று அமர்ந்து செல்வது மட்டும் அரிது.

இது பணமுடையோரின் பொழுதுபோக்கு என்பர். அதில் பாதி உண்மை. முதலை தெரியுமா, நீர்நாய் தெரியுமா என்று புறப்படுமுன்பே கேட்டு, இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் தோன்றாவிடில் பணம் வீண் என்று முகஞ்சுளிப்போரும் இருக்கவே செய்வர். காடு அவர்களுக்குக் கடன்பட்டதன்று. ஆனால் தமிழ் மாணவன் முதலையைக் காணச் செல்ல வேண்டியதில்லை. அவன் காண வேண்டியது நண்டை.

குறுந்தொகையின் 117-ஆம் பாட்டில் குன்றியனார் ஒரு நண்டைக் காட்டுகிறார். கொக்கின் பார்வைக்கு அஞ்சிய அந்நண்டு, கண்டல் வேரிடையே உள்ள தன் வளையை நோக்கி விரைகின்றது. இவ்வளவே காட்சி. ஓதம் வடியும் நேரத்தில் துடுப்பை மடிமேல் வைத்துவிட்டு அசையாது அமர்ந்திருப்பவன் இதனை எழுத்துக்கு எழுத்து காண்பான். முதலில் சேறு வெறுமையாய் இருக்கும். பின் ஒரு துளையில் இரு கண்கள். பிறகு பத்துத் துளைகளில். கொக்கு ஓடிப் பிடிப்பதில்லை. கல்லெனச் சமைந்து நிற்கும். அதன் கழுத்து சற்றே திரும்பியவுடன் சேறு முழுதும் ஒரு நொடியில் வெறுமையாகிவிடும். வில்லென வளைந்து நிலத்தில் ஊன்றிய வேர்களின் இடுக்கே நண்டின் அரண். அச்சத்தின் அளவையும் விரைவையும் கண்டறியாதவனுக்கு உள்ளுறையை எத்துணை விளக்கினும் அது மனப்பாடமே.

இதற்குப் படகேன், சுங்கை பூலோவிலும் செக் ஜாவாவிலும் கட்டணமின்றி மரப்பாலங்களில் நடக்கலாமே என்பது அடுத்த மறுப்பு. நடக்கட்டும்; ஒன்றுமில்லாமைக்கு அது எவ்வளவோ மேல். எனினும் பாலத்தின் மேல் நிற்பவன் நண்டின் முதுகைத்தான் பார்க்கிறான். கயாக்கில் அமர்ந்தவனின் கண் நீர்மட்டத்துக்கு மேல் மூன்றடியில் இருக்கிறது. மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட காய்போல் தொங்கி, பின் சேற்றில் விழுந்து வேரூன்றும் கண்டலின் கன்றை அவன் கைக்கெட்டும் தொலைவில் காண்பான்.

நெய்தலுக்குரிய பொழுது எற்பாடாயிற்றே, விடியலில் செல்வது முறையா என்று இலக்கணம் காட்டுவோரும் எழலாம். ஓதம் இலக்கணம் படித்து வருவதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தி வரும் அதன் கணக்கைப் பார்த்துத்தான் படகே இறங்கும்.

தில்லையின் கதை இன்னும் வருந்தத்தக்கது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம், அவ்வூருக்கு அருகே பிச்சாவரத்தில் வளர்வதுபோலவே சிங்கப்பூரின் அலையாத்திக் காடுகளிலும் வளர்கிறது. அதன் பால் கண்ணைக் கெடுக்கும். ஆதலின் மலாய்க்காரர் அதனைப் புத்தா-புத்தா, குருடு என்ற பொருளில், வழங்குகின்றனர். அவர்கள் மரத்தைத் தொட்டுப் பெயரிட்டவர்கள். தேவார வகுப்பில் தில்லையைப் பாடும் பிள்ளையோ அம்மரத்தின் நிழலில் நின்றாலும் அதனை அறியமாட்டான்.

காலமும் நிரம்ப இல்லை. 1819-இல் சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறத்தாழ 13 விழுக்காடு அலையாத்திக் காடாய் இருந்தது என்பர். இன்று எஞ்சியது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. செக் ஜாவாவும் கடல் தூர்க்கப்பட்டுப் போயிருக்கும். 2001-இல் மக்கள் திரள்திரளாய்ச் சென்று கண்டனர். கண்டவர்கள் எழுதினர், வேண்டினர். அவ்வாண்டு இறுதியில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளித்தான் வைக்கப்பட்டது, கைவிடப்படவில்லை. அன்று எழுதியவர்களுள் கண்டல் என்ற சொல்லை எழுதியவர் எத்தனை பேர் என்று தமிழாசிரியர் எண்ணிப் பார்க்கலாம்.

சாங்கி முனைத் துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தவுடன் உபினுக்குப் படகு புறப்படுகிறது. ஓர் உயர்நிலைத் தமிழ் வகுப்பில் பாதிப்பேர் வந்தாலே அது நிரம்பிவிடும்.