பதினேழரை வயதில் பட்டாளமா?

பள்ளி இறுதித் தேர்வு முடிந்த மறுநாளே தொடங்கிவிடுகிறது ஓட்டம். விடியற்காலை நான்கு மணிக்கு ஏரிக்கரையிலும் புறவழிச் சாலையிலும் மூச்சிரைக்க ஓடுகிறார்கள் நம் பிள்ளைகள். 1600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்தால் முழு மதிப்பெண்! ஓட்டத்தை நாம் குறை கூறவில்லை. இளமைக்கு உடலுரம் அழகு. ஆனால், ஓடுகிறவனை நிறுத்தி, "தம்பி, எதை நோக்கி ஓடுகிறாய்?" என்று கேட்பாரைத்தான் காணோம். தகப்பனாரோ சோதிடரிடம் ஓடுகிறார். செவ்வாய் வலுத்திருக்கிறது, சீருடை யோகம் நிச்சயம் என்று கட்டம் போட்டுச் சொல்லிக் காணிக்கையை மடியில் முடிந்துகொள்கிறார் சோதிடர். தாயார் குலதெய்வத்துக்கு முடி இறக்குவதாக நேர்ந்துகொள்கிறார். செவ்வாயைக் கேட்டார்கள், குலதெய்வத்தைக் கேட்டார்கள், சர்க்கார் அச்சடித்து வெளியிட்ட விதிகளைப் படித்தார்களா? படித்தவர் வீட்டுக்கு ஒருவர் வேண்டாம், ஊருக்கு ஒருவர் உண்டா?

நாம் படித்தோம். படித்ததைச் சொல்கிறோம்.

2022 சூன் 14ஆம் நாள் டில்லி சர்க்கார் அறிவித்த திட்டத்துக்கு அக்னிபத் என்று பெயர். நெருப்புப் பாதையாம்! அதில் நடப்பவன் அக்னிவீர். பெயர் சூட்டும் கலையில் அவர்களை வெல்ல ஆளில்லை. வடமொழிக் களஞ்சியம் கைவசம் இருக்கிறது. பெயரை ஒதுக்கிவிட்டுப் பொருளைப் பாருங்கள். பொதுப்பணிச் சிப்பாயாகச் சேரப் பத்தாம் வகுப்புத் தேறினால் போதும். மொத்தத்தில் நூற்றுக்கு 45, ஒவ்வொரு பாடத்திலும் 33. வயது பதினேழரை நிறைந்தால் போதும். பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டுகள் வேலை. முடிந்தபின், நூறு பேரில் இருபத்தைந்து பேர்வரை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்ற எழுபத்தைந்து பேர்? வீட்டுக்கு!

முதலாண்டில் மாதச் சம்பளம் 30,000 ரூபாய் என்கிறது அறிவிப்பு. கைக்கு வருவது 21,000. மீதி 9,000 பிடித்தம். நான்காம் ஆண்டில் சம்பளம் 40,000, பிடித்தம் 12,000. இப்படி நான்காண்டும் பிடித்தது கூட்டினால் ஐந்து இலட்சத்து இரண்டாயிரத்துச் சொச்சம். அதே அளவு தொகையைச் சர்க்காரும் போட்டு, வட்டியும் கூட்டி, ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாயைக் கையில் தந்து வாயில்வரை வந்து வழியனுப்பும். சேவா நிதி என்று இதற்கும் ஒரு திருநாமம் உண்டு. பதினொன்றே முக்கால் இலட்சம் என்றதும் வாய் பிளக்கும் பெரியவர்களே, அதில் ஏறக்குறைய பாதி உங்கள் பிள்ளை உழைத்த கூலி! அவன் பையிலிருந்து எடுத்து அவனுக்கே பரிசளிக்கிறார்கள். பணிக்கொடை கிடையாது. ஓய்வூதியம் கிடையாது. களத்தில் மாண்டால் 48 இலட்சம் ரூபாய்க் காப்பீடு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் நிரந்தரச் சிப்பாயின் மனைவிக்கு மாதந்தோறும் வருகிற குடும்ப ஓய்வூதியம், பக்கத்தில் நின்று அதே குண்டுக்கு இரையான அக்னிவீரனின் தாய்க்கு இல்லை. குண்டு பேதம் பார்ப்பதில்லை, கோப்பு பார்க்கிறது!

பத்தாவதோடு போனவன் திரும்பும்போது பன்னிரண்டாவது தேறியதற்கு ஈடான சான்றிதழ் தருகிறார்களாம். அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் அதற்குள் பட்டம் வாங்கி முடித்திருப்பான். இருபத்தொன்றரை வயதில் இவன் மறுபடியும் வரிசையில் நிற்கவேண்டும். துணைப் படைகளில் இவர்களுக்கு இடம் ஒதுக்குவோம் என்கிறார்கள். இட ஒதுக்கீடு என்ற சொல்லைக் கேட்டாலே தகுதி போயிற்று, திறமை போயிற்று என்று தலையிலடித்துக்கொள்ளும் கூட்டம், இந்த ஒதுக்கீட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்காத விந்தையைக் கண்டீர்களா?

இவ்வளவு சொன்னதும் எழுவார் ஒருவர்: "நாட்டுக்காக உயிர் கொடுக்கப் போகிறவனிடம் கணக்குப் பேசுகிறீர்களே, உங்களுக்கு நாட்டுப்பற்று இல்லையா?" ஐயா, 1962இல் சீனம் எல்லையில் நுழைந்தபோது, பிரிவினைக் கிளர்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு நாட்டின் பாதுகாப்புக்குத் தோள் கொடுக்க முன்வந்தவர் அறிஞர் அண்ணா. வீட்டுக்குக் கூரை வேண்டும் என்பது நமக்கு யாரும் கற்பிக்கவேண்டிய பாடமன்று. கூரையைத் தாங்கும் தூணை நான்காண்டுக்கு ஒருமுறை பிடுங்கி எறிவது என்ன கட்டடக் கலை என்பதே நம் கேள்வி.

வீரம் பற்றியும் நமக்குப் போதிக்கிறார்கள். ஆர்க்காட்டிலும் சீரங்கப்பட்டணத்திலும் கும்பெனிக்காக இரத்தம் சிந்தியவர்கள் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள். நாட்டைப் பிடித்துத் தரும்வரை அவர்கள் வீரர்கள்! பிடித்து முடிந்தபின், 1881இல் சென்னைப் படைத் தலைவராக வந்த ராபர்ட்ஸ் துரை கண்டுபிடித்தார், தென்னாட்டானுக்குப் போர்க்குணம் இல்லையென்று. பின்னர் அவரே இந்தியா முழுமைக்கும் படைத் தலைவரானார். போர்க்குலம், போரறியாக் குலம் என்று பட்டியல் போட்டார்கள். சென்னைப் படைப்பிரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் மூண்டு ஆள் போதாமற் போனதும், இல்லாதிருந்த போர்க்குணம் நமக்கு ஒரே இரவில் முளைத்துவிட்டது, மீண்டும் அழைத்தார்கள்!

மராட்டியத்து மகார் மக்களின் கதை இதனினும் கொடியது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். தொட்டால் தீட்டு என்று ஊர் ஒதுக்கிய குடும்பத்துக்குப் படை எழுத்தறிவைக் கொடுத்தது, சம்பளம் கொடுத்தது, மானத்தோடு நிமிர ஒரு சீருடை கொடுத்தது. மறுப்பதற்கில்லை. அண்ணல் 1891இல் பிறந்ததே மாவ் என்னும் படை முகாமில்தான். ஆனால் அடுத்த சில ஆண்டுகளுக்குள் மகார்களுக்குப் படையின் கதவு சாத்தப்பட்டது. முதல் உலகப் போரில் 1917இல் திறந்தது. போர் முடிந்ததும் மறுபடி சாத்தப்பட்டது. 1941இல் மீண்டும் திறந்தது. தேவையென்றால் வா, தேவை தீர்ந்தால் போ! இருந்தும் ஒன்றைக் கவனியுங்கள். ராம்ஜி சக்பால் ஓய்வூதியத்தோடு வெளியே வந்தார். ஆறாயிரம் மைல் தாண்டி வந்த அன்னியன் அந்தத் தாழ்த்தப்பட்ட சிப்பாய்க்குக் கொடுத்த ஓய்வூதியத்தை, சொந்த நாட்டுச் சர்க்கார் நம் பிள்ளைக்கு இல்லையென்கிறது.

போர்க்குலப் பட்டியல் செத்துவிட்டது என்றும் எண்ணிவிடாதீர். குடியரசுத் தலைவரின் மெய்க்காவற் படைக்கு ராசபுத்திரர், ஜாட், ஜாட் சீக்கியர் என்னும் மூன்று பிரிவாரிலிருந்தே ஆள் எடுத்து வந்திருக்கிறார்கள். நீதிமன்றம்வரை வழக்குப் போனது. உயரம் ஒத்திருக்க வேண்டுமாம், தோற்றம் ஒத்திருக்க வேண்டுமாம். மற்ற சாதியில் உயரமானவனே பிறப்பதில்லை போலும்!

பகுத்தறிவு பேசும் இளைஞன் எண்ணிப் பார்க்க இன்னொன்றும் உண்டு. சென்னைப் படைப்பிரிவின் முத்திரை வாசகம் தமிழிலன்று, வடமொழியில். கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுத்தது. அவரவர் தருமத்தில் நின்று சாவதே மேல் என்பது கருத்து. எந்தத் தருமம் என்று கேட்டால் வருணம் வந்து நிற்கும். வாசகம் கிடக்கட்டும், ஒரு குதிரைப்படைப் பிரிவில் பணியாற்றிய கிறித்துவ அதிகாரி ஒருவர், தம் வீரர்களோடு கோயில் வாயில்வரை செல்வேன், கருவறைக்குள் நுழையமாட்டேன் என்றார். 2021இல் அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2025இல் டில்லி உயர்நீதிமன்றமும் பின்னர் உச்சநீதிமன்றமும் அது சரியே என்றன. கருவறைக்குள் நுழையக்கூடாது என்று நம்மைத் தடுத்த நாடு, நுழையமாட்டேன் என்றவரை வேலையைவிட்டு நீக்குகிறது! ஒழுங்கு என்பார்கள். நாம் ஒழுங்குக்கு எதிரியல்ல. கடவுள் இல்லையென்னும் இளைஞன் அந்த ஒழுங்குக்குள் எங்கே நிற்பான் என்பதைச் சேருமுன் எண்ணவேண்டும். சேர்ந்தபின் எண்ண இடமில்லை.

மொழிக்கு வருவோம். அக்னிவீரர் தேர்வை 2025இல் பதின்மூன்று மொழிகளில் நடத்தினார்கள், தமிழும் அதிலொன்று. மகிழ்ச்சி! அதே படையில் அதிகாரியாக வேண்டுமா? பன்னிரண்டாவது படிப்போர் எழுதும் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வும், பட்டதாரிகள் எழுதும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. கட்டளைக்குக் கீழ்ப்படியத் தமிழ் போதும். கட்டளையிடத் தமிழ் போதாது! இந்திக்காரனுக்கு இரண்டு வாயிலும் அவன் தாய்மொழியில் திறக்கின்றன. இவ்வளவுக்கும், அதிகாரிகளை உருவாக்கும் பயிற்சிக் கழகம் ஒன்று 1963 முதல் நம் சென்னையில், பரங்கிமலையிலேயே இருக்கிறது. அதன் சுற்றுச்சுவரையொட்டிப் பேருந்தில் போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, அந்த வாயிலுக்குள் தாமும் நுழையலாம் என்று எவரேனும் சொல்லியிருக்கிறார்கள்?

வீட்டில் அடுப்பு எரியாதவனிடம் இதையெல்லாம் பேசலாமா என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். தகப்பன் பட்ட கடனுக்கு வட்டி ஏறுகிறது, தங்கை படிக்கவேண்டும், மாதம் 21,000 ரூபாய் வந்தால் வீடு நிமிரும் என்று போகிறவனைப் பழிக்க நமக்கு நாவில்லை. அவன் போகட்டும், விதியைப் படித்துவிட்டு, கையில் வருகிற பணத்தைக் கணக்கு வைத்துக்கொண்டு, தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டத்துக்குப் பதிந்துகொண்டு போகட்டும். ஆனால் அதே ஓட்டத்தில், ஓடவேண்டிய கட்டாயமே இல்லாதவனும் ஓடுகிறானே! சீருடையின் மினுக்கைத் திரைப்படத்தில் கண்டு, நண்பன் போகிறான் நானும் போகிறேன் என்று, பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு ஓடுகிறானே, அவனிடம்தான் நாம் மல்லுக்கு நிற்கிறோம்.

1920இல் நீதிக்கட்சியார் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு போட்டார்கள். 1956இல் காமராசர் அதை நாடெங்கும் விரித்தார். 2010இல் வீட்டின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2024இல் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி புகும் மாணவனுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் தொடங்கியது. சோறு போட்டு, செருப்பும் சீருடையும் கொடுத்து, கல்லூரி வாயில்வரை ஒரு சமுதாயம் கைபிடித்து அழைத்து வந்திருக்கிறது. வாயிற்படியில் கால் வைக்கும் நேரத்தில் கையை உதறிக்கொண்டு ஓடுகிறான் தம்பி, நான்காண்டு வேலைக்கு! பட்டம் பெற்றபின் பட்டாளம் ஓடிப்போய்விடாது. அப்போது போனால் தோளில் நட்சத்திரத்தோடு போகலாம்.

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் தந்த ஊர். அங்கே ஓய்வூதியம் வாங்குகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஓய்வூதியத்தால் வீடு கட்டியவர்கள், பிள்ளையைப் படிக்கவைத்தவர்கள். அடுத்த ஆள்சேர்ப்பு அறிவிப்பு வரும்போது, மன்றத் தோழர்கள் அத்தகைய முதியவர் ஒருவரைப் படிப்பகத்துக்கு அழையுங்கள். புதிய விதிகளை அவர் கையில் கொடுத்து, ஓட்டப் பயிற்சி முடித்துவரும் இளைஞர்கள் முன்னிலையில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். சோதிடரையும் அழைக்கலாம்; நாற்காலி போடுங்கள், உட்கார்ந்து கேட்கட்டும்.