"இருக்கோணும்" என்பதற்கு ஆங்கிலம் என்ன?

அண்மையில் விசுவமடுவுக்குப் போயிருந்தபோது ஒரு தாயார் பொலித்தீன் பையொன்றை என்னிடம் தந்தார். உள்ளே அவர் பல வருடங்களாக அலுவலகம் அலுவலகமாகக் கொடுத்த மனுக்களின் பிரதிகள் இருந்தன. பதினொரு மனுக்கள், அனைத்தும் ஆங்கிலத்தில். எந்தெந்த அலுவலகம் என்று நான் இங்கு எழுதப் போவதில்லை. இன்றைய என் வழக்கு அம்மனுக்களை எழுதிக்கொடுத்த நம்மவர்களோடுதான்.

தாயார் சொன்னது மிகத் தெளிவானது. 2009 மே 18 அன்று வட்டுவாகலில் தன் மகனை இராணுவத்திடம் ஒப்படைத்தார். "என்ர கையாலதான் குடுத்தனான் தம்பி. என்ர பிள்ளை உயிரோட இருக்கோணும்." மனுவில் இது என்னவாயிற்று? மகன் ஒப்படைக்கப்பட்டிருக்கலாம் என்று முதல் வாக்கியம், துணைவினை 'மே'. மகன் உயிரோடு இருக்கிறான் என்பது நிச்சயம் என்ற பொருளில் இரண்டாவது, துணைவினை 'மஸ்ட்'. கண்ணால் கண்டது சந்தேகமாயிற்று, மனத்தால் வேண்டியது சாட்சியமாயிற்று. மனுவை வாசித்த உத்தியோகத்தர், "உயிருடன் இருப்பதற்கு உம்மிடம் என்ன ஆதாரம்?" என்று கேட்டாராம். தாயாருக்கு அக்கேள்வி எங்கிருந்து வந்தது என்றே விளங்கவில்லை. அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லையே.

தமிழில் 'வேண்டும்' என்ற ஒரே துணைவினை பல வேலைகளைச் செய்கிறது. "நாளைக்குப் போக வேண்டும்" என்றால் கடமை. "மழை பெய்திருக்க வேண்டும்" என்றால் ஊகம். "பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும்" என்று ஒரு தாய் சொன்னால் அது மன்றாட்டு. எது எது என்பதைக் குரலும் முகமும் நமக்குச் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலக் கடிதத்துக்குக் குரலும் இல்லை, முகமும் இல்லை. வேறொரு மனுவில் "இறந்திருக்க வேண்டும்" என்று அஞ்சிய ஒருவரின் வார்த்தையை 'ஷுட் ஹாவ் டைட்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். அவன் இறந்திருக்க வேண்டியவன், இறக்காமல் போனது பிழை என்பதே அதன் பொருள்! பெற்ற தகப்பன் அதன் கீழே கையொப்பமிட்டிருக்கிறார்.

பயத்தைச் சொல்லத் தமிழில் அழகான வழி உண்டு. "ஏதும் நடந்திட்டுதோ" என்கிறோம். 'விடு' என்ற துணைவினையும் கடைசி ஓகாரமும் சேர்ந்து நெஞ்சின் பதைப்பை முழுதாகத் தாங்குகின்றன. ஆங்கிலத்தில் ஓகாரம் கிடையாது. 'அஞ்சுகிறேன்' என்ற வினைக்குப் பின்னால் 'மே' அல்லது 'மைட்' வந்தே அந்த வேலையைச் செய்ய வேண்டும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் மனனம் செய்த அட்டவணையில் 'கேன்' ஆற்றல், 'மே' அனுமதி, 'மஸ்ட்' கட்டாயம் என்று இருந்தது. கவலைக்கு அதில் இடமே இருக்கவில்லை.

இடையில் ஒன்று. அப்பையில் பதில் கடிதமொன்றும் இருந்தது. 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' என்று தொடங்கி, உங்கள் மகனின் பெயர் எமது பட்டியலில் இல்லை என்று முடிந்தது. ஆங்கிலத்தில் இது வெறும் மரியாதைச் சொல். அயலிலுள்ள பையன் அதை "நான் பயப்படுகிறேன்" என்று வாசித்துக் காட்டியிருக்கிறான். "அவர் ஏன் தம்பி பயப்பிடுறார்?" என்று தாயார் என்னைக் கேட்டார்.

"பிள்ளைகளைத் தொலைத்தவர்களிடம் போய் இலக்கணம் பேசுகிறாயா?" என்று நண்பர்கள் சிலர் சீறுவார்கள். அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அதிகாரத்தில் இருப்பவர்கள் துணைவினையை எவ்வளவு கவனமாகக் கையாள்கிறார்கள் என்று பார்த்ததில்லையா? 2009 மார்ச் 13 அன்று ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையாளர் நவநீதம் பிள்ளை, ஜனவரி 20 முதல் 2,800க்கும் அதிகமான பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்றார். இரு தரப்பினரின் செயல்களும் சட்டமீறல்கள் ஆகலாம் என்றார். 'மே'யும் 'குட்'டும் நிறைந்த அந்த அறிக்கையையே மேலும் மென்மையாக்கும்படி ஐ.நா.வின் உயரதிகாரிகள் சிலர் வற்புறுத்தியதை 2012 நவம்பரில் வெளியான சார்ள்ஸ் பெட்ரியின் உள்ளக மீளாய்வு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. 2011இல் நிபுணர் குழு 40,000 என்ற எண்ணைச் சொன்னபோதும் 'குட் ஹாவ்' என்றே சொன்னது. பிறகு 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, காணாமல் போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். அங்கே 'மே'யும் இல்லை, 'குட்'டும் இல்லை. வெறும் 'ஆர்'. பட்டியல் இருந்தால்தானே அப்படிச் சொல்ல முடியும் என்று நாம் உரத்துக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது.

நீதிமன்றங்களும் இப்படித்தான். பிரித்தானியாவிலிருந்து 1988 பெப்ரவரியில் திருப்பி அனுப்பப்பட்ட ஐந்து தமிழர்களின் வழக்கில், துன்புறுத்தப்படக்கூடும் என்ற வெறும் சாத்தியம் போதாது என்று ஸ்ராஸ்பேர்க் மனித உரிமை நீதிமன்றம் 1991 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. திரும்பியவர்களில் சிலர் இலங்கையில் துன்புறுத்தப்பட்டதாக முறையிட்டிருந்தும் தீர்ப்பு அதுவே. அஞ்சுபவனின் 'மே' எவ்வளவு எடையுள்ளது என்று அங்கே தராசில் வைத்துப் பார்க்கிறார்கள். நாமோ அத்தராசில் எதை வைக்கிறோம் என்று பார்க்காமலே வைக்கிறோம்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து எம்மக்களுக்காக ஆங்கிலத்தில் எழுதும் அன்பர்களே, அழுத்தமாக இருக்கட்டும் என்று 'மஸ்ட்' போடாதீர்கள். பணிவாக இருக்கட்டும் என்று கண்ட உண்மைக்கு 'மே' போடாதீர்கள். கண்டதற்குத் துணைவினையே தேவையில்லை; இறந்தகாலம் போதும். 'ஒப்படைத்தேன்' என்று எழுதுங்கள். நாள், இடம், சீருடை, பேருந்து எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள். பிறகு, தனி வாக்கியத்தில், அச்சத்தை எழுதுங்கள்.

அன்று மாலை பன்னிரண்டாவது மனுவை நான் எழுதினேன். தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்ட தாயார், "உயிரோட இருக்கோணும் எண்டதையும் எழுதினனீங்களோ?" என்றார். முப்பது வருடம் பத்திரிகையில் இருந்தும், அதற்குப் பொருத்தமான துணைவினை எனக்கு அகப்படவில்லை. கடைசியில் 'வேண்டுகிறேன்' என்று முழுவினையாகவே எழுதிக் கொடுத்தேன்.